பனங்கிழங்கு மாசியில் ஏன் நாராகிறது?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இந்த வருஷம் முடிந்தவரை நம் மாவட்டத்தில் விளைவதையே அந்தந்தப் பருவத்தில் சாப்பிடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். தையில் மாவாக இருந்த பனங்கிழங்கு, மாசிக் கடைசியில் வெறும் நாராக இருக்கிறதே, ஏன்?"

நல்ல முடிவு. ஐப்பசி மழையை நம்பி நெல், அதன் பின்னால் முண்டு மிளகாய், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது நாட்டுப்படகு மீனும் நுங்கும் என்று நம் கடற்கரைக்கு ஒரு பந்தி வரிசை உண்டு. ஆனால் கிழங்கைப் புரிந்துகொள்ள நுங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே சோறு.

நாம் விரலால் நோண்டித் தின்னாமல் விட்ட நுங்கு, பழம் முற்றும்போது கொட்டைக்குள் கல்போன்ற வெள்ளைப் பருப்பாக இறுகிவிடுகிறது. மேனோஸ் என்ற சர்க்கரை சங்கிலி சங்கிலியாகக் கோத்து இறுகிய பருப்பு அது. ஆவணி, புரட்டாசியில் கொட்டைகளை மணல் பாத்தியில் அடுக்கி மூடுகிறார்கள். ஈரம் பட்டதும் குழாய்போல ஒரு முளை வருகிறது. மேலே அல்ல, நேராகக் கீழே! கரு அந்தக் குழாயின் நுனியில் இருக்கிறது. கொட்டை மேலேயே கிடக்க, கன்று மட்டும் வெயிலும் ஆட்டு வாயும் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

சரி, சோறு மேலே, பிள்ளை கீழே. யார் ஊட்டுவது? அந்தக் குழாய் கன்றின் விதையிலைதான்; அதன் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிப் பஞ்சாக உப்புகிறது. நாம் தவுன் என்று ஆசையாகத் தின்பது அதைத்தான். போன கார்த்திகையில் சாயல்குடிப் பக்கம் ஒரு பெரியவர் கொட்டையைப் பிளந்து கையில் தந்தார். தவுன் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் பருப்பு வழவழவென்று இளகியிருந்தது. ஒரு நூல் தள்ளிக் கத்தியால் கீறினேன், இறங்கவில்லை. தொட்ட இடம் நொதிகளால் கரைகிறது. கரைந்த சர்க்கரையைத் தவுன் உறிஞ்சிக் குழாய்வழி கீழே அனுப்புகிறது. அங்கே அது மாவாகச் சேர்கிறது. எதில்? வேரில் இல்லை, தண்டிலும் இல்லை. கன்றின் முதல் இலைக்கு விரிந்த பரப்பே கிடையாது, வெறும் உறைதான். அந்த உறை மாவு நிரம்பித் தடித்ததுதான் பனங்கிழங்கு. உரிக்கும்போது நடுவில் வருகிற பீலி, வெளியே வரக் காத்திருக்கும் அடுத்த இலை.

மாசியில் நடப்பது இதுதான். பீலி மண்ணுக்கு மேலே கிளம்புகிறது. அதற்கான செலவுக்கு மாவு மறுபடி சர்க்கரையாகிப் போய்விட, மிஞ்சுவது முற்றிய நார்.

இவ்வளவு நுட்பமான மரத்துக்கு, 1978 முதல் நம் மாநில மரமாக இருப்பதற்கு, ஆராய்ச்சிப் பணம் போதவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆணா பெண்ணா என்று பனை பூத்துக் காட்டவே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். மூன்று வருஷ நிதியை வைத்துக்கொண்டு அந்த மரத்தில் என்ன பார்க்க முடியும்? பதினைந்து, இருபது வருஷம் தொடர்ந்து தருவதாக இருந்தால்தான் அது நிதி.

வாசகிக்கு: கிழங்கைத் தையிலேயே கட்டுக்கட்டாக வாங்கிவிடுங்கள். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, பீலியை எடுத்து, வட்டமாக நறுக்கி, கல்லுபோலக் காயும்வரை மொட்டை மாடியில் போடுங்கள். இடித்துச் சலித்த மாவு, நுங்கு வண்டி தெருவுக்கு வரும்வரை தாங்கும்.