பீனசீன்: 'நீல நிறமி' அல்ல

பீனசீன் என்பது சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஒரு வேதிச் சேர்மக் குடும்பத்தின் பெயர். பாக்டீரியா பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் பீனசீன் என்று வரவேண்டிய இடத்தில் 'நீல நிறமி' என்று எழுதிவிடுகிறார்கள். ஏதோ ஓரிடத்தில் என்றால் விட்டுவிடலாம். வேளாண்மைக் கட்டுரை, மருத்துவக் கட்டுரை, தேர்வுக் குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் இதுவாகிவிட்டது. கோதுமை வேரை நோயிலிருந்து காக்கும் பாக்டீரியா 'நீல நிறமியைச் சுரக்கிறது' என்று அண்மையில் ஒன்றில் படித்தேன். அது சுரப்பது மஞ்சள்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவோடு கிடைத்த பொருள் என்பதால் பென்சீனுக்கு, ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஃபென்' என்று பெயர் வைத்தார் பிரெஞ்சு வேதியியலர் ஒகூஸ்ட் லோரான். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பீனால், பீனைல் என்பவற்றில் வேர் மட்டும் தங்கிவிட்டது. பீனசீனின் நடுவில் உள்ள 'அச', நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியர் தரப்பில் வைத்த 'அசோட்' என்ற பெயரின் மிச்சம். இரண்டு பென்சீன் வளையங்கள், அவற்றை இணைக்கும் நடு வளையம், அந்த நடு வளையத்தில் எதிரெதிராக இரண்டு நைட்ரஜன் அணுக்கள். 12 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். இந்தச் சட்டகத்துக்குப் பெயர்தான் பீனசீன். இதன்மேல் எந்த அணுத் தொகுதி ஒட்டினாலும் அது பீனசீன் குடும்பத்துச் சேர்மம்.

'நீல நிறமி' எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. குடும்பத்தில் முதலில் பேர் வாங்கியது பயோசயனின். காயத்துக்குக் கட்டிய துணிகளில் படிந்த நீலத்தை 1860இல் ஃபோர்தோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்தெடுத்தார். 1882இல் கார்ல் கெசார் அதை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தனியே வளர்த்துக் காட்டினார். இன்று சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று நாம் அழைப்பது அதைத்தான். சரி, அது நீலம். ஆனால் ஒரு பிள்ளையின் நிறத்தைக் குடும்பத்துக்கே பெயராக வைக்கலாமா? கோதுமை வேரில் வாழும் சூடோமோனாஸ்கள் தரும் பீனசீன்-1-கார்பாக்சிலிக் அமிலம் மஞ்சள். குளோரோரஃபின் பச்சை. ஆய்வகத்தில் பாக்டீரியாக்களை வகை பிரிக்கக் கிராம் சாயமேற்றும்போது கடைசியில் விடுகிறோமே, அந்தச் சாஃப்ரனின் சிவப்பு. அதுவும் பீனசீன் சட்டகம்தான். தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை எடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், குளோஃபாசிமின் தோலைச் செம்பழுப்பாக்கிவிடும். டப்ளினில் காசநோய்க்கென்று உருவாக்கப்பட்டு, தொழுநோய்க்குப் பயன்பட்ட அந்த மருந்தும் இந்தக் குடும்பம்தான். இத்தனையையும் 'நீல நிறமி' என்று எப்படிச் சொல்வது?

பயோசயனினுக்கே கூட நீலம் நிரந்தரமில்லை. ஏருஜினோசா வளர்ந்த திரவத்தை அசையாமல் வைத்தால் அடியில் நீலம் மங்கிப்போகும்; குலுக்கிக் காற்றுப் படவிட்டால் திரும்பி வரும். குளோரோஃபார்ம் ஊற்றிக் கலக்கினால் நீலம் அதோடு கீழே இறங்கும். அந்த நீலத்தைத் தனியே எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் கலக்குங்கள், அமில அடுக்கு சிவந்துவிடும்.

நிறம் போய் வருவதில்தான் இந்தச் சேர்மங்களின் வேலையே இருக்கிறது. நடு வளையத்தின் நைட்ரஜன்கள் எலக்ட்ரானை வாங்கும், கொடுக்கும். வாங்கினால் பயோசயனின் நிறமிழக்கும். ஆக்சிஜனிடம் கொடுத்ததும் மறுபடி நீலம். பாக்டீரியாக்கள் கூட்டமாகப் படிந்து வாழும் படலத்தின் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே இருக்கும் செல்கள் மிஞ்சிய எலக்ட்ரான்களைப் பீனசீனிடம் கொடுத்து வெளியே அனுப்புகின்றன. அதே எலக்ட்ரான் பரிமாற்றத்தில் பிறக்கும் வீரியமான ஆக்சிஜன் வடிவங்கள் பூஞ்சையைக் கொல்லும், ஏருஜினோசா தொற்றிய நோயாளியின் நுரையீரல் செல்லையும் சிதைக்கும். வேரில் காவல், நுரையீரலில் கேடு, இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே வேதியியல். 'நிறமி' என்ற சொல் இதை முழுக்க மறைத்துவிடுகிறது. நிறமி என்றால் அழகுக்கு இருப்பது என்றுதான் மாணவர் நினைத்துக்கொள்வார்.

எதிர்ப் பக்கத்தில் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'ஒளிவெடியம்' என்கிறார்கள். நைட்ரஜனை வெடியம் என்று கொண்டு, வேரைப் பிரித்துச் செய்த ஆக்கம். உழைப்பை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. பீனசீன் ஒளிர்வதால் அந்தப் பெயர் வரவில்லை, வெடிப்பதுமில்லை. லவாய்சியரின் 'அசோட்'டை அப்படியே பெயர்த்தால் 'உயிரிலி' என்று வரும், உயிர்கள் உண்டாக்கும் பொருளுக்கு! வேதியியலில் ஒரு பெயர் தனியாக நிற்பதில்லை. பீனால், பீனைல், அசோ சாயம் என்று உறவுகள் ஒலியிலேயே தெரிகின்றன. பீனசீனை மட்டும் ஒளிவெடியம் ஆக்கினால் அந்த உறவு அறுந்துபோகும். பீனால் பாடநூலில் ஊன்றிவிட்ட சொல் என்பதால், 'ஃபீனசீன்' என்று முன்னால் ஆய்தமும் வேண்டாம். 'பீனசைன்' என்றும் எழுத வேண்டாம். அனிலீன், பிரிடீன் போல 'ஈன்' என்றே முடியட்டும்.

ஆனால் பயோசயனின் கதை வேறு. அது கண்ணால் கண்டதை வைத்து இட்ட பெயர்: கிரேக்கத்தில் சீழ், நீலம். அதைச் 'சீழ்நீலம்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். சுருக்கம், தெளிவு, பொருளும் சரி. சட்டகத்தின் பெயரை ஒலியோடு வைப்போம், கண்டு வைத்த பெயரைத் தமிழாக்குவோம் என்பதே என் கட்சி. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும். 'பீனசீன் மனநோய் மருந்து' என்று ஒரு மொழிபெயர்ப்பில் இருந்தது. மூலத்தில் இருந்தது பீனோதையசீன். குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து அந்தக் குடும்பம். பெயரில் உள்ள 'தைய' கந்தகத்தைக் குறிக்கும்; நடு வளையத்தில் ஒரு நைட்ரஜன் இருந்த இடத்தில் கந்தகம் இருக்கும். வாய்க்கு வரவில்லை என்று அந்த இரண்டெழுத்தை விழுங்கினால் மருந்தே மாறிவிடுகிறது. சிறுநீர் எரிச்சலுக்குக் கொடுக்கும் பீனசோபிரிடீனையும் பெயர் பார்த்து இங்கே சேர்த்துவிடாதீர்கள். அதில் பீனசீன் வளையம் கிடையாது, அது அசோ சாயம்.