ரோல் என்றால் பதவியா, பொறுப்பா?

கிடங்குக்கு வரும் லாரிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளில் புதிதாக ஒருவரைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெயர், கைபேசி எண் எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு கட்டம் வரும். அதில் 'ரோல்' என்று இருக்கும். மென்பொருளுக்குள் அவர் என்னென்ன செய்யலாம் என்று முடிவு செய்வது அதுதான். அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் யோசிப்பதே இல்லை. "அட்மின் போட்டு விடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். அட்மின் என்றால் எல்லாவற்றையும் செய்யக்கூடியவர்.

ரோல் என்ற சொல் நாடக மேடையிலிருந்து வந்தது. லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம், ரோட்டுலுஸ் என்றால் சின்னச் சக்கரம். சக்கரம்போல் சுருட்டிய ஏட்டுக்கும் அதே பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள், நடிகனின் வசனம் எழுதிய சுருளை ரோல் என்றார்கள். அப்படியே அவன் ஏற்கும் வேடத்துக்கும் அது பெயராகிவிட்டது.

அந்தச் சுருளில் முழு நாடகமும் இருக்காது. நடிகனுக்கு அவன் பேச வேண்டிய வரிகளையும், அவற்றுக்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் ஓரிரு சொற்களையும் மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் எட்வர்ட் ஆலினுக்கு அப்படி எழுதிக் கொடுத்த தாள்கள் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. தன் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கையில் இருக்கும். கணினிப் பாதுகாப்பில் 1975-இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சொன்ன விதிகளில் ஒன்றும் இதுதான்: யாருக்கும் வேலைக்கு வேண்டியதற்கு மேல் உரிமை தராதே. 1992-இல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெராயோலோவும் கூனும், உரிமைகளை ஆளுக்கு ஆள் தராமல் ரோலுக்குத் தரும் முறையை வரையறுத்து எழுதினார்கள். ஆள் மாறலாம், சுருள் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ரோல் நம்பர், கேமராவுக்குள் போட்ட ஃபிலிம் ரோல், இவையும் அதே குடும்பம்தான். கன்ட்ரோல்கூட அப்படித்தான். கணக்குச் சுருளுக்கு எதிராக வேறொருவர் வைத்திருக்கும் நகல் சுருளைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும். கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டையும் ஆபீஸில் இருக்கும் வரவு ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்ப்போமே, அதேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பங்கு' என்று சிலர் போடுகிறார்கள். பங்கு என்றதும் நமக்குச் சொத்தில் பங்கும் பங்குச் சந்தையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பாத்திரம்' கதைக்கும் நாடகத்துக்கும் பொருந்தும், கிடங்குக்குப் பொருந்தாது. 'பதவி' என்று போட்டால் நிலைமை இன்னும் மோசம். பதவி என்றாலே இன்னும் பெரிதாகக் கேட்கத் தோன்றும்.

என் தேர்வு 'பொறுப்பு'. பொறு என்றால் தாங்கு. பொறை என்றால் சுமை. தாசில்தார் விடுப்பில் போனால் அவர் இடத்தைப் பார்ப்பவர் 'வட்டாட்சியர் (பொறுப்பு)' என்று கையெழுத்துப் போடுகிறார். ஒருவரே இரண்டு இடத்தைப் பார்த்தால் 'கூடுதல் பொறுப்பு' என்கிறோம். ஒரு பயனருக்கு இரண்டு ரோல் தருவதும் அதுதானே? அரசு அலுவலகத்தில் நன்றாகப் புழங்கிய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை.

பெர்மிஷனுக்குக் கைபேசியில் 'அனுமதி' என்று பார்க்கிறோம். லத்தீன் மூலத்தில் அதற்கு 'ஊடே போக விடு' என்று பொருள். ஒரு செயலி கேமராவைத் தொட நம்மிடம் கேட்கும்போது அனுமதி சரியான சொல். கேட்டில் லாரியை உள்ளே விடுவதும் அனுமதிதான். ஆனால் லாரிகள் நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடமான டாக்கைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. எந்த டாக்கில் எந்த வண்டி என்று முடிவு செய்வது அவர் பொறுப்புக்கு உரியது. அதனால் அங்கே 'உரிமை' என்பேன். பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை, ஒப்புதல் தரும் உரிமை என்று பிரித்துச் சொல்லவும் எளிது. டிரான்ஸ்போர்ட்காரருக்கு நேரம் கேட்கும் உரிமை உண்டு, அதை ஒப்புக்கொள்ளும் உரிமை கிடையாது. அது வண்டிகளின் நேரத்தைத் திட்டமிடும் பிளானருக்குத்தான். கேட்டில் இருப்பவர் வண்டி வந்துவிட்டது என்று பதியலாம், நேரத்தை மாற்றக் கூடாது.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் நடந்தது. சூப்பர்வைசரின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். இரவு ஷிஃப்டில் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டு உள்ளே போவார்கள். ஒருநாள் காலை 5 மணிக்கு வர வேண்டிய பால் பொருள் வண்டியின் நேரம் மாறிப்போய், அது வெயில் ஏறும்வரை ரோட்டிலேயே நின்றது. பதிவில், இரவு 2 மணி சுமாருக்கு மாற்றியவர் என்று சூப்பர்வைசரின் பெயர் இருந்தது. அவரோ அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் அந்த மனிதர் பதில் சொல்ல முடியாமல் நின்றதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு கணக்குத் திறந்தோம். திரையில் பெயர்களை மாற்ற வழி இருந்ததால், 'ரோல்' என்ற இடத்தில் 'பொறுப்பு' என்று போட்டேன். இரவு ஷிஃப்ட் கிளார்க்கின் புதுக் கணக்கில் யாரோ எல்லா உரிமையும் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் பெயருக்கு நேரே 'டாக் ஒதுக்கீடு பொறுப்பு, நேர ஒப்புதல் பொறுப்பு' என்று வரிசையாக வந்தது. பையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணே, வண்டி வந்ததைப் பதியறதுதானே என் வேலை? இந்த ஒப்புதல் பொறுப்பெல்லாம் எனக்கு எதுக்கு? எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன்.