வீட்டில் செய்த பேட்ச் மேடைக்கு ஆகாது தம்பி

போன ஞாயிறு ராத்திரி ராயபுரத்தில் ஒரு மாதா கோயில் திருவிழா. சவுண்டு மிக்சரில் நான். கிதார் வாசித்த தம்பிக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கையில் புது மாடலர், அதாவது கிதார் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை டிஜிட்டலாகச் செய்துதருகிற பெட்டி; அதில் சேமித்து வைக்கிற சத்த அமைப்புக்குத்தான் பேட்ச் என்று பெயர். திரையின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கவில்லை. முதல் இரண்டு பாட்டில் அவன் கிதார் எங்கேயோ பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது பாட்டில் சோலோ. கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்து வாசித்தான். கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒரு நோட்டுகூடக் கேட்கவில்லை. நான் அவன் சத்தத்தைக் கூட்டுகிற ஃபேடரை முழுசாக ஏற்றினேன். கீழே ‘ஊம்’ என்று ஒரு உறுமல், மேலே மணலை வாரி இறைத்த மாதிரி ஒரு இரைச்சல். நடுவில் இருக்க வேண்டிய கிதாரைக் காணோம்.

இறங்கி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. “அண்ணா, வீட்ல சூப்பரா இருந்துச்சுண்ணா. நீங்க எதனா குறைச்சிட்டீங்களா?” பின்னால் நின்ற அவனுடைய அப்பா வாயே திறக்கவில்லை. தவணையில் அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. வியாசர்பாடியில் ஒரு கானா கச்சேரி, பெரம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன், இப்போது இது. மூன்று பேரும் நன்றாக வாசிக்கிற பிள்ளைகள். மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: “வீட்ல நல்லா இருந்துச்சு.” இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

மாடலர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு பாட் 1998இல் வந்தது. ஃபிராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006இல், கெம்பர் 2011இல், ஹீலிக்ஸ் 2015இல். இத்தனை வருடத்தில் இந்தப் பெட்டிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. நாலு பேர் சேர்ந்து தூக்கும் ஆம்பை மூன்றாவது மாடி மண்டபத்துக்கு ஏற்றியவன் நான். தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிற பெட்டியை நான் ஏன் வெறுக்கப் போகிறேன்? குறை பெட்டியில் இல்லை. சத்தத்தை எங்கே, எந்த அளவில் வைத்துச் செட் செய்தீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் கிதாருக்குப் பின்னால் ஒரு ஆம்ப் நிற்கும். அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை, பெரும்பாலும் ஷூர் எஸ்.எம்.57ஐ, வைப்போம். வாசிப்பவர் மேடைக்கு வந்து, டிரம்ஸ் பக்கத்தில் நின்று, மேடைச் சத்தத்தில்தான் பாஸ், மிட், டிரெபிள் குமிழ்களைத் திருப்பியாக வேண்டும். வேறு வழியே கிடையாது. வீட்டில் என்ன வைத்திருந்தாலும் மேடையில் அது மாறிவிடும். மாடலரில் அந்த ஒரு வேலை காணாமல் போய்விட்டது. சத்தம் வீட்டிலேயே முழுசாகச் சமைந்து, பேட்ச் என்று பெயர் போட்டு, மேடைக்கு வந்து சேர்கிறது. வீட்டில் சமைத்தது ராத்திரி பதினோரு மணிக்கு, அம்மா தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஹெட்போனில்.

இந்த இடத்தில்தான் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். “சத்தம் கூடினா என்னண்ணா, அதே சவுண்டு பெருசா கேக்கப் போவுது, அவ்ளோதானே?” இல்லை. அவ்வளவுதான் இல்லை. தயவுசெய்து இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

நம் காது எல்லா ஸ்வரத்தையும் எல்லா அளவிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ்ச்சத்தம், அதாவது பாஸ், நம் காதுக்கு மிகவும் குறைவாகத்தான் எட்டும். உச்சிச் சத்தமும் ஓரளவு மங்கும். நடுச்சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். சத்தம் ஏற ஏற இந்த வித்தியாசம் குறைந்து, பாஸ் எழுந்து உட்காரும். நம்பிக்கை இல்லையென்றால் இன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு பாட்டை மெதுவாக வைத்துக் கேளுங்கள். பாஸ் எங்கே போச்சு என்று தேடுவீர்கள். அதே பாட்டு ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் பாக்ஸில் ஓடும்போது நெஞ்சில் இடிக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். பாட்டு அதே பாட்டுதான். மாறினது உங்கள் காது கேட்கிற விதம்.

இப்போது ஹெட்போனில் மெதுவாக வைத்துக்கொண்டு பேட்ச் செய்கிறவர் என்ன செய்வார்? காதுக்குக் குறைவாகப் படுகிற பாஸை ஏற்றுவார், டிரெபிளை ஏற்றுவார். நன்றாகக் கேட்கிற மிட் உறுத்துவதாகத் தோன்றும், அதை வெட்டுவார். வெறுமையாக இருக்கிறதே என்று ரிவெர்பையும் (அறை முழக்கம்) டிலேயையும் (எதிரொலி) ஊற்றுவார். அந்த அறையில், அந்த அளவில், அது உண்மையிலேயே அருமையாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அதே பேட்சை நான் இரண்டு சப்பும் (பாஸுக்கான ஸ்பீக்கர்) நாலு டாப்பும் (மற்ற சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வைத்துத் திறக்கும்போது அவர் ஏற்றின பாஸ் ஊதிப் பெருக்கும், டிரெபிள் காதைக் கிழிக்கும். வெட்டின மிட் வெட்டினபடியே கிடக்கும். கிதார் என்கிற வாத்தியமே அந்த மிட்டில்தான் இருக்கிறது. பாஸ் கிதாரும் கிக் டிரம்மும் கீழே உட்கார்ந்திருக்கின்றன, சிம்பல் மேலே. நடுவில் உங்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியை நீங்களே எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தால் நான் உங்களை எங்கே உட்கார வைப்பது? ஃபேடரை ஏற்றினால் இருப்பதுதான் ஏறும். இல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்?

அடுத்து ஒருத்தர் கேட்பார்: “மெட்டாலிகாவே இதைத்தான் யூஸ் பண்றாங்க, அவங்களுக்கு மட்டும் எப்படி?” உண்மைதான். 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் அந்த அமெரிக்க ராக் குழு வாசித்தபோது ஸ்பீக்கரே வெளியே வைக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் ஹெட்போனில்தான் கேட்டார்கள். காசிமேட்டில் உங்கள் முன்னால் நிற்கிற ஆயிரம் பேரும் ஹெட்போன் மாட்டியிருக்கவில்லை. இன்னொன்று, அந்த மாதிரிக் குழுக்களில் பேட்சைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சரிசெய்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த ஆள் நீங்கள்தான்.

அந்தத் தம்பியைச் செவ்வாய்க்கிழமை தண்டையார்பேட்டையில் இருக்கிற எங்கள் குடோனுக்கு வரச் சொன்னேன். ஒரு டாப் பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, மேடையில் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்தேன். அவன் பேட்சை வாசித்தான். வாசித்தவனே முகத்தைச் சுளித்தான். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். 6500க்கு மேலே வெட்டினோம். கெயினை, அதாவது சத்தம் கரகரக்கிற அளவை, மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம், ரிவெர்பைப் பாதியாக்கினோம், மிட்டை அவன் பயப்படுகிற அளவுக்கு ஏற்றினோம். “அண்ணா, மூக்கால பாடுற மாதிரி இருக்குண்ணா” என்றான். இருக்கட்டும், வாசி என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் பதிவான டிரம்ஸ், பாஸ், கீபோர்டு டிராக்குகளைப் பின்னால் ஓட்டினேன். இரண்டு வரி வாசித்ததும் நிறுத்திவிட்டான். ஸ்பீக்கரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “கேக்குதுண்ணா” என்றான். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கிற சத்தம்தான் பல நேரம் கூட்டத்தில் நிமிர்ந்து நிற்கும். சோலோவுக்கு இன்னொரு பேட்ச் போடாதீர்கள்; இதே பேட்சில் ஒரு 3 டெசிபல் ஏற்றுகிற பூஸ்ட்டை ஒரு ஸ்விட்சில் வையுங்கள், போதும்.

பெரிய பாக்ஸுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கச்சேரி ஏழு மணிக்கு என்றால் நாங்கள் மூன்று மணிக்கே கட்டி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்போம். நீங்கள் ஆறே முக்காலுக்கு வருகிறீர்கள். நாலு மணிக்கு வாருங்கள். பத்து நிமிடம் கேளுங்கள். எந்த சவுண்டு சர்வீஸ்காரரும் முடியாது என்று சொல்ல மாட்டார்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மிக்சருக்கு லைன் கொடுத்தால் கேப் சிம், அதாவது ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி சத்தத்தை மாற்றுகிற வசதி, போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரிதான் கேட்கும். மேடையில் இருக்கிற கிதார் ஆம்புக்குக் கொடுத்தால் கேப் சிம்மை அணைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு அவுட்புட்டையும் தனித்தனியாக அமைக்கிற வசதி உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். எனக்கு ஒரே ஒரு லைன்தான் தரப்போகிறீர்கள் என்றால் பேட்சை மோனோ ஆக்கிவிட்டு வாருங்கள். இடமும் வலமுமாகத் துள்ளுகிற டிலேயில் பாதி என்னிடம் வரவே வராது. எக்ஸ்.எல்.ஆர். கேபிளைப் போடுவதற்கு முன்னால், “அண்ணா, இந்தச் சேனல்ல ஃபேன்டம் ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஃபேன்டம் என்பது சில மைக்குகளுக்காக மிக்சர் கேபிள் வழியாக அனுப்புகிற 48 வோல்ட்; அது எல்லாப் பெட்டிக்கும் ஒத்துக்கொள்ளாது. அடாப்டர் விஷயத்தில் கடன் வாங்காதீர்கள். ஜாக் பொருந்துகிறது என்பதற்காக வோல்ட்டும் போலாரிட்டியும் பொருந்திவிடாது. கச்சேரி அன்றைக்கு ஃபர்ம்வேர் அப்டேட் செய்கிறவரை என்ன சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. செய்யாதீர்கள்.

டிஜிட்டல் என்றால் சத்தம் தாமதமாக வரும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நல்ல மாடலரின் தாமதம் இரண்டு மூன்று மில்லிசெகண்டு. காற்றில் சத்தம் ஒரு மீட்டர் வருவதற்கே ஏறக்குறைய 3 மில்லிசெகண்டு ஆகும். ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்ற கணக்குதான். புளூடூத் ஹெட்போனை மானிட்டராக மாட்டிக்கொண்டு தாளம் தப்புகிறது என்று சொல்வது வேறு கதை. அதை மாட்டவே மாட்டாதீர்கள்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்த ஒரு நொடி மற்றவர்களுக்கு ஒரு நொடி. உங்கள் பெட்டிக்கு அது மறுபடியும் முதலிலிருந்து பூட் ஆகிற நேரம். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்று காலடியில் இருக்கட்டும்.

இனி சொல்லப்போவதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஹம் (கரண்டின் உறுமல்) வருகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் பக்கம் தெருவிலேதான் மேடை. ஒரு லைன் ஜெனரேட்டரிலிருந்து வரும், இன்னொரு லைன் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வரும். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு. காசிமேட்டுக் காற்றில் உப்பு. ஜாக், பிளக், பெட்டியின் உள்பக்கம் எல்லாம் பூத்துப்போய்க் கிடக்கும். உங்கள் விரல் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பி கேபிளின் ஷீல்டு வழியாகப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத பெட்டியில் எங்காவது கரண்ட் கசிந்தால் அது உங்கள் கையில்தான் வந்து நிற்கும். பிறகு கோரஸ் பாடுவதற்காக உதட்டை மைக்கில் வைப்பீர்கள். ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சீ நகரத்தில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே ஷாக் அடித்து இறந்துபோனார். அவருக்கு 27 வயது.

ஹம் வந்தால், கிதார் லைனை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித்தருகிற டி.ஐ. பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், உங்கள் உயிரைக் காக்கிற எர்த்தைத் தொடாது. மேடையில் இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் கரண்டை ஒரே லைனில் எடுங்கள். வாசிக்கத் தொடங்கும் முன்னால் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் இன்னொரு முனையைக் கிதார் கம்பியிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இருபது, ஐம்பது என்று ஏறினால் கிதாரைக் கீழே வைத்துவிட்டு லைன் கட்டினவரைக் கூப்பிடுங்கள். கூட்டம் காத்திருக்கட்டும், கமிட்டிக்காரர் கத்தட்டும். மீட்டர் இல்லையென்றால் எந்தக் கச்சேரியிலும் மிக்சர் பக்கம் வந்து கேளுங்கள், என் பையில் ஒன்று எப்போதும் இருக்கும். உடைந்த பிளக்கோடு வந்தால் அதையும் கொடுங்கள். புது மூன்று பின் பிளக் நாலைந்து வைத்திருக்கிறேன். மாற்றித்தர ஐந்து நிமிடம் ஆகும், காசு வேண்டாம்.