கரண்ட் போய் வந்த பிறகு ஸ்மார்ட் பிளக் ஏன் முழிக்கிறது?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சாமி மேடை விளக்கு ஸ்மார்ட் பிளக்கில் (வைஃபை வழியாக இயங்கும் பிளக்கில்) இருக்கிறது, மாலை 6.30க்குத் தானாக எரிய வேண்டும். மதியம் இடிமழையில் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் வருகிறது. அன்று மாலை விளக்கு எரியவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை.

கரண்ட் வந்த சில நொடிகளிலேயே பிளக் விழித்து வைஃபை தேடத் தொடங்கும். ரௌட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். 'ஐந்து முறை கிடைக்காவிட்டால் புதிதாக அமைக்கும் நிலைக்குப் போ' என்று நிரல் இருந்தால், பிளக் அங்கேயே நின்றுவிடும். சோதனை மேசையில் ரௌட்டரை யாரும் அணைப்பதில்லை. அதனால்தான் இந்தப் பிழை வீடு வரை வந்துசேர்கிறது.

வைஃபை கிடைத்தாலும் கடிகாரம் மறிக்கும். மலிவான பிளக்குகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது; கரண்ட் போய் வந்தால் பெரும்பாலும் 1970 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொள்ளும். தான் இணைய வேண்டிய சர்வரின் அடையாளச் சான்றிதழைப் பார்த்து, 'இது செல்லுபடியாகும் நாளே இன்னும் வரவில்லை' என்று இணைப்பை மறுக்கும். முதலில் என்டிபி சர்வரிடம் (இணையத்தில் சரியான நேரம் சொல்லும் கணினியிடம்) நேரம் கேட்க வேண்டும். அது யூடிபி 123ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வழியில் வருவது. சில நெட்வொர்க்குகள் அந்த வழியை அடைத்து வைத்திருக்கும். நேரம் கிடைத்த பிறகும் ஒரு பொறி உண்டு: வருவது உலகப் பொது நேரம் (UTC); அதோடு மலேசிய நேரத்துக்கான 8 மணியைக் கூட்ட மறந்தால், 6.30 விளக்கு நள்ளிரவு தாண்டி 2.30க்கு எரியும்.

இவற்றைப் பிடிக்க, ரௌட்டரையும் பிளக்கையும் தனித்தனி ரிலேயில் (கணினி இயக்கும் சுவிட்சில்) மாட்டி ஸ்கிரிப்ட் மூலம் அணைத்துப் போட வேண்டும். 230 வோல்ட் ஓடுவதால் ரிலேக்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். பிளக் எழுந்து 0, 30, 90, 300 நொடி கழித்து ரௌட்டர் வருமாறு, ஒவ்வொன்றும் 100 முறை. பிறகு 123ஆம் போர்ட்டை அடைத்து ஒரு சுற்று. ரௌட்டர் தயாரான 2 நிமிடத்துக்குள், யார் கையும் படாமல், பிளக் சர்வரில் தெரிந்தால்தான் தேர்ச்சி. செயலி 'ஆன்' என்று காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது. விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிட வேண்டும்.

மென்பொருள் புதுப்பிப்பில் இன்னும் கவனம் தேவை. புதிய நிரல் நினைவகத்தின் இரண்டாம் பகுதியில் இறங்கும். பழையது முதல் பகுதியில் பத்திரமாக இருக்கும். இறங்கும்போது, ஒவ்வொரு முறையும் அரை நொடி தள்ளிக் கரண்டை வெட்டிப் பார்த்தால் பாதி எழுதிய நிலைகள் வெளிப்படும். அதைவிட மோசமான தவறு வேறு: சர்வரைத் தொடுவதற்கு முன்பே புதிய நிரல் தன்னை 'நல்லது' என்று குறித்துக்கொள்வது. இணைய முடியாத நிரல் நிரந்தரமாகிவிடும், பழையதற்குத் திரும்ப வழியிருக்காது.

சில பிழைகள் நாள்கணக்கில் ஒளிந்திருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒரே இடத்தை ஏறக்குறைய 100,000 முறைதான் அழித்து எழுதலாம். 10 நொடிக்கு ஒருமுறை அங்கேயே நிலையைச் சேமித்தால் 12 நாளுக்குள் அந்த எல்லை வந்துவிடும். மூன்று நாள் சோதனையில் தெரியாது. மில்லிநொடி எண்ணும் 32 பிட் எண்ணி (கவுன்ட்டர்) 49.7 நாளில் உச்சம் தொட்டு மீண்டும் பூச்சியத்துக்குப் போகும்; அப்போதுதான் வெளிப்படும் பிழைகளும் உண்டு. அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சோதனைக்கான நிரலில் எண்ணியை உச்சத்துக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து ஓடவிட்டால் போதும்.