ஷின் ஃபேய்னுக்குள் ‘மட்டும்’ எப்படி நுழைந்தது?

அயர்லாந்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் முதல் பக்கத்துக்குள் அந்த வரி வந்துவிடும்: “சின் ஃபீன், அதாவது ‘நாம் மட்டும்’ என்ற கட்சி.” சிலர் ‘நாங்கள் மட்டுமே’ என்று இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். அண்மையில் ஒரு போட்டித் தேர்வுக் கையேட்டிலும் இதையே பார்த்தேன். வரி அதோடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதிலிருந்தே பொருளாதார வரலாறும் கிளம்பிவிடுகிறது. ‘நாம் மட்டும்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், அதனால் விடுதலை கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அதனால் ஏழைகளாகவே இருந்தார்கள். ஒரு நாட்டின் முப்பது ஆண்டுகளை மூன்று வாக்கியத்தில் முடித்தாகிவிட்டது!

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஐரிஷ் மொழியில் ‘ஷின்’ என்பது தன்மைப் பன்மை. நாம், நாங்கள், நம்மை, எங்களை எல்லாம் அதற்குள் அடக்கம். ‘ஃபேய்ன்’ என்பது முன்னால் நிற்கும் சொல்லுக்கு அழுத்தம் தருவது. ‘நான்’ என்பதோடு சேர்ந்தால் ‘நானே’, ‘நீ’ என்பதோடு சேர்ந்தால் ‘நீயே’, ‘என் வீடு’ என்பதோடு சேர்ந்தால் ‘என் சொந்த வீடு’. எனவே ஷின் ஃபேய்ன் என்றால் ‘நாமே’. எழுத்தைப் பார்த்துச் ‘சின் ஃபெயின்’ என்று எழுதுகிறார்கள். அந்த மொழியில் இகரத்தை ஒட்டி வரும் ஸகரம் ஷகரமாக ஒலிக்கும் என்பதால் ‘ஷின்’தான் சரி.

ஐரிஷ் பத்திரிகையாளர் ஆர்தர் கிரிஃபித் 1905 நவம்பரில் டப்ளின் மாநாட்டில் வைத்த கொள்கைக்கு இந்தப் பெயர் வந்தது. பெயரை எடுத்துக்கொடுத்தவர் மேரி பட்லர் என்ற எழுத்தாளர் என்பார்கள். அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் வடபகுதியான அல்ஸ்டரைத் திரட்டிய எட்வர்ட் கார்சனுக்கு இந்த அம்மையார் உறவுக்காரர் என்பது ஒரு வேடிக்கை.

சரி, ‘மட்டும்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்திலிருந்துதான். ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தப் பெயரைத் ‘தனியே நாங்கள்’ என்ற பொருள் வரும்படி பெயர்த்தன. ஒதுங்கிப்போகிற, முறைத்துக்கொள்கிற ஒரு கூட்டம் என்ற படத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. நம்மவர்கள் ஐரிஷ் பக்கமே போகாமல் அந்த ஆங்கிலத்தை எடுத்துத் தமிழாக்கினார்கள். ‘மட்டும்’ என்பதற்கு ஐரிஷில் தனிச்சொல்லே இருக்கிறது: ‘அவாய்ன்’. ‘ஷின் ஃபேய்ன் அவாய்ன்’ என்று முழங்கியவர்களும் அந்நாளில் உண்டு. அந்த முழக்கத்தை ‘நாம் மட்டுமே’ என்று பெயர்த்தால் நான் வாயே திறக்க மாட்டேன். கட்சிக்கு வைத்த பெயரில் ‘அவாய்ன்’ இல்லை. இல்லாததை எதற்காகத் தமிழில் சேர்க்க வேண்டும்?

தமிழில் இந்தத் தவறு கூடுதலாக உறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மிடம் ஏகாரம் இருக்கிறது. தேற்ற ஏகாரம், பிரிநிலை ஏகாரம் என்று பள்ளியில் படித்ததுதான். கடைக்குப் போக ஆள் தேடும் அம்மாவிடம் “நானே போறேன்” என்பதற்கும் “நான் மட்டும் போறேன்” என்பதற்கும் உள்ள வேறுபாடு எந்தக் குழந்தைக்கும் தெரியும். முன்னதில் பொறுப்பை எடுத்துக்கொள்கிறோம். பின்னதில் தம்பியைக் கழற்றிவிடுகிறோம். ‘நாமே’ என்ற ஒரு சொல் தேற்றத்தையும் சுமக்கும், இடம் நோக்கிப் பிரிநிலையையும் சுமக்கும். ‘ஃபேய்ன்’ தரும் அழுத்தத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆங்கிலக்காரனுக்கு இந்த வசதி இல்லை, திண்டாடினான். நமக்கு ஏன் அந்தத் திண்டாட்டம்?

‘நாமே’யா, ‘நாங்களே’யா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஐரிஷில் அந்தப் பிரிவினை கிடையாது, தமிழில் தேர்ந்தே ஆக வேண்டும். இங்கிலாந்தைப் பார்த்துச் சொன்னால் ‘நாங்களே’, தம் மக்களைப் பார்த்துச் சொன்னால் ‘நாமே’. கிரிஃபித் தம் மக்களிடம்தான் பேசினார். லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டருக்கு உறுப்பினர்களை அனுப்பிக் கெஞ்ச வேண்டாம், ஹங்கேரிக்காரர்கள் தங்களை ஆண்ட வியன்னாவிடம் செய்ததைப் போல இங்கேயே கூடி இங்கேயே ஆள்வோம் என்பது அவர் வாதம். அதனால் ‘நாமே’.

அந்த ‘நாம்’ யாரையெல்லாம் உள்ளே எடுத்தது என்று பார்த்தால் பொருளாதாரம் வந்துவிடும். ஜெர்மானியப் பொருளியலாளர் ஃபிரெடரிக் லிஸ்ட்டைக் கிரிஃபித் கரைத்துக் குடித்தவர். விவசாயம் மட்டும் செய்யும் நாடு ஒரு கை இல்லாத மனிதன் என்றார் லிஸ்ட். அந்த இன்னொரு கை வேண்டுமென்றால் இறக்குமதிக்குக் காப்பு வரி போட்டு உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று கிரிஃபித் விடாமல் எழுதினார். இருந்த ஒரே பெரிய தொழில் நகரமான பெல்ஃபாஸ்ட்டோ கப்பலும் லினன் துணியும் வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைத்தது. காப்பு வரி என்றாலே அதற்கு வயிற்றைக் கலக்கும். மதமும் அரசியலும் ஏற்கெனவே பிரித்த இடத்தில் வரியும் சேர்ந்துகொண்டது. 1922-இல் சுதந்திர அரசு பிறந்தபோது பெல்ஃபாஸ்ட் அதில் இல்லை. தொழில் வளர்ப்போம் என்றவர்கள் கைக்கு வந்தது பெரும்பாலும் புல்வெளியும் மாடும்.

‘மட்டும்’ அணியினர் இந்த இடத்தில் ‘சுதேசி’யை இழுத்துக்கொண்டு வருவார்கள். “பாரதியார் காலத்துச் சொல், அதையே போடலாமே?” காலம் பொருந்துவது உண்மை. வங்கத்தில் சுதேசி இயக்கம் கிளம்பியதும் 1905-இல்தான். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கினார். கிரிஃபித் திட்டத்திலும் அயர்லாந்துக்கென்று வணிகக் கப்பல்கள் உண்டு. அயர்லாந்தில் செய்த பொருளுக்கென்று ஒரு வணிக முத்திரை பதிவானதும் அதே 1906-இல்தான். ஆகவே கிரிஃபித்தின் பொருளாதாரக் கொள்கையை ‘ஐரிஷ் சுதேசியம்’ என்று விளக்கினால் எனக்குத் தடையில்லை. பெயருக்கு அது ஆகாது. சுதேசியில் ‘தேசம்’ இருக்கிறது. ஷின் ஃபேய்னில் ஆட்கள்தான் இருக்கிறார்கள். ‘தற்சார்பாளர்’ என்று ஆக்குவதும் இதே கோளாறுதான். கொள்கைக்கு உரிய சொல்லைப் பெயருக்குப் போடுகிறார்கள். பச்சைத் தமிழ் என்பதற்காகவே ஒரு சொல் சரியாகிவிடாது.

இனி அந்தக் ‘கதவைச் சாத்தினார்கள்’ கதை. 1928-இல் வெளிவந்த அவர்களுடைய காசுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் யாழ், பக்கத்தில் ‘அயர்லாந்து சுதந்திர அரசு’ என்று ஐரிஷ் மொழியில். மறுபக்கம் அரசர் தலை இல்லை, தலைவர் முகமும் இல்லை. அரைப் பென்னியில் குட்டிகளோடு பன்றி, ஒரு பென்னியில் குஞ்சுகளோடு கோழி, ஷில்லிங்கில் காளை, இரண்டு ஷில்லிங்கில் சால்மன் மீன், அரைக்கிரௌனில் குதிரை. இதைவிட ‘நாமே’ என்று சொல்லும் காசு ஏது? வடிவத்தைத் தேர்ந்த குழுவுக்குத் தலைவர் கவிஞர் யேட்ஸ். உள்ளூர்ச் சிற்பிகளோடு இத்தாலி, ஸ்வீடன், அமெரிக்கா, இங்கிலாந்துச் சிற்பிகளும் போட்டியில் இருந்தார்கள். வென்றவர் பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலேயர். அச்சடித்தது லண்டன் நாணயச்சாலை. மதிப்போ பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிக்குச் சரி. அந்தச் சரிக்குச் சரி 1979 வரை நீடித்தது. ‘நாம் மட்டும்’ என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இந்தக் காசு ஒரு கேலிக்கூத்தாகத் தெரியும். ‘நாமே’ என்று பார்த்தால் இதில் எந்த முரணும் இல்லை. எது நம் காசில் இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்தோம், கை தேர்ந்தவனிடம் கொடுத்துச் செய்தோம், அவ்வளவுதான்.

ஷானன் நதித் திட்டமும் அப்படியே. பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் மக்லாக்லின் என்ற ஐரிஷ் பொறியாளர் கொண்டுவந்த யோசனை. 1925-இல் சட்டம், 1929-இல் ஆர்ட்னக்ரஷா மின்நிலையம் திறப்பு. செலவு சுமார் 52 லட்சம் பவுண்டு, நேற்றுப் பிறந்த அரசுக்கு மூச்சு முட்டும் தொகை. கட்டியது ஜெர்மன் நிறுவனம். மண் வெட்டியதில் பெரும்பகுதி உள்ளூர் ஆட்கள், குறைந்த கூலிக்கு, அதற்காக வேலைநிறுத்தமும் நடந்தது. ஷான் கீட்டிங் என்ற ஓவியர் அந்த வேலையிடத்தையே வரிசையாக வரைந்து தள்ளினார். புதிய தேசத்தின் அடையாளமாகிப் போனது ஒரு ஜெர்மன் நிறுவனம் கட்டிய அணை. இதில் ‘மட்டும்’ எங்கே?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கிரிஃபித் 1922 ஆகஸ்டில் இறந்துவிட்டார். சுதந்திர அரசுக்கு வழிவகுத்த, 1921-இல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தை ஏற்ற அவருடைய அணியினர்தான் காஸ்க்ரேவ் தலைமையில் பத்தாண்டு ஆண்டார்கள். அவர்கள் காப்பு வரியை அளந்து அளந்துதான் போட்டார்கள். ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பிரிட்டனுக்குப் போகிறது, அந்த வாடிக்கையாளரைக் கோபப்படுத்த முடியுமா என்ற கணக்கு. கிரிஃபித்தின் பொருளாதாரத்தைக் கையில் எடுத்தது, ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற டி வலேராதான். 1932-இல் ஆட்சிக்கு வந்ததும் வரிச்சுவர் எழும்பியது. புதிய தொழிற்சாலைகளில் பெரும்பான்மைப் பங்கு ஐரிஷ்காரர் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கோதுமை விளையும் நிலம் சில ஆண்டுகளில் பத்து மடங்குபோல் பெருகியது. சர்க்கரை ஆலைகள் அரசு உடைமையாயின.

கதவு ஓரளவு சாத்தப்பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாத்தியது ஒரு பக்கமல்ல. நிலத்துக்காக ஐரிஷ் உழவர்கள் வாங்கிய பழைய கடனின் ஆண்டுத் தவணையை லண்டனுக்குக் கட்ட மாட்டேன் என்றார் டி வலேரா. லண்டன் ஐரிஷ் மாட்டுக்கு 20 சதவீத வரி போட்டது. விலை விழுந்தது. கன்றைக் கொன்று தோலைக் கொண்டுவந்தால் பத்து ஷில்லிங் என்று அரசே கொடுக்கும் நிலை வந்தது. காளையைக் காசில் பொறித்த நாடு! “இங்கிலாந்திலிருந்து வருவதையெல்லாம் எரியுங்கள், நிலக்கரியைத் தவிர” என்று பழைய ஐரிஷ் எழுத்தாளர் ஸ்விஃப்ட் பேரில் ஒரு வாசகம் வழங்குகிறது. அதை அந்நாளில் சுவரெல்லாம் எழுதினார்கள். 1935-இல் அதே அரசு என்ன செய்தது? நிலக்கரியைப் பிரிட்டனிடமே வாங்குகிறோம், நீங்கள் எங்கள் மாட்டைக் கூடுதலாக வாங்குங்கள் என்று ஒப்பந்தம் போட்டது. 1938-இல் ஒரு கோடி பவுண்டு கொடுத்துத் தகராறை முடித்துக்கொண்டது. சண்டை உச்சத்தில் இருந்தபோதே பேரம் பேசிய ஒரு அரசை ‘நாம் மட்டும்’ என்ற இரண்டு சொல்லில் அடைக்க முடியாது. அந்தக் கொள்கை தோற்றதா, 1950-களில் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறியதற்கு அது எவ்வளவு காரணம் என்பதெல்லாம் தனி விவாதம். பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

ஷின் ஃபேய்னோடு இந்த நோய் நிற்பதில்லை. டி வலேரா 1926-இல் தொடங்கிய கட்சி ஃபியனா ஃபால். அதைத் தமிழில் ‘விதியின் போர்வீரர்கள்’ என்கிறார்கள், ஏதோ புராணப் படத் தலைப்பு மாதிரி. ‘ஃபியனா’ பழங்கதைகளில் வரும் வீரர் கூட்டம். ‘ஃபால்’ அயர்லாந்துக்கு வழங்கும் பழைய பெயர்களில் ஒன்று, தாரா மலையில் நிற்கும் கல்லின் பெயரும் அதுவே. ‘அயர்லாந்தின் வீரர்கள்’ என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். விதி என்பது மறுபடியும் ஆங்கிலம் வழியாக வந்த சரக்கு.

எல்லாவற்றுக்கும் மேல் ‘1932-இல் ஜனாதிபதியான டி வலேரா’. இது அடிக்கடி கண்ணில் படுகிறது. அன்று அவர் நிர்வாகக் குழுவின் தலைவர், அதாவது அரசாங்கத்தின் தலைவர், நம் வழக்கில் பிரதமர். பதவியின் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘பிரசிடென்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக ‘ஜனாதிபதி’ என்று எழுதிவிடுகிறது. 1937 அரசமைப்பு வரும்வரை சுதந்திர அரசில் அப்படி ஒரு பதவியே கிடையாது. டி வலேரா ஜனாதிபதியானது 1959-இல், எழுபத்தாறு வயதில், பொருளாதாரத்தை அடுத்துப் பிரதமரான லெமாஸ் கையில் கொடுத்துவிட்டு.