கதிர்வீச்சைக் குறைக்கும் கைப்பழக்கம்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் வட்டாரத்து ஐ.டி.ஐ.களில் பேசப் போனால் பெற்றோர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், கூடங்குளத்துக்கு வேலைக்கு அனுப்பினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாதே?" கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனைக் காப்பதில் பெரும்பங்கு, அவன் தொழிலை எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறான் என்பதில் இருக்கிறது.

ஒரு வால்வு கசிகிறது. அந்த இடத்தில் கதிர்வீச்சு மணிக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். கசிவைத் தடுக்கும் அடைப்பான பேக்கிங்கை 6 நிமிடத்தில் மாற்றிவிட்டு வெளியேறும் ஃபிட்டர் வாங்குவது 0.1 மில்லிசீவர்ட். ஸ்பேனர் அளவு பொருந்தாமல் 30 நிமிடம் அங்கேயே திணறுபவர் வாங்குவது 0.5. வால்வும் ஒன்று, கவச உடையும் ஒன்று, கைத்திறன்தான் வேறு. அதனால்தான் இத்தகைய வேலைகளுக்கு முன், கதிர்வீச்சு இல்லாத இடத்தில் மாதிரி வால்வை வைத்து, கையுறை, முகமூடியோடு பலமுறை பழகச் சொல்கிறோம். எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது என்ற யோசனையெல்லாம் வெளியிலேயே முடிந்திருக்க வேண்டும். கருவி எடுத்துக் கொடுப்பவர் எங்கே நிற்பது என்பதும் பயிற்சிதான். கதிர்வீச்சு வெளிவரும் பொருள் சிறியது என்றால், அதிலிருந்து இருமடங்கு விலகி நின்றாலே அளவு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இந்திய விதிப்படி ஒரு பணியாளர் தொடர்ந்து 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டையும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டையும் தாண்டக் கூடாது. ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் இதற்குக் கணக்கு வைக்கிறது. மணவாளக்குறிச்சி மணலிலேயே இயற்கைக் கதிர்வீச்சு இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று சிலர் பேசுகிறார்கள். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும், அதில் கதிர்வீச்சு தரும் தோரியமும் இருப்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிப் பெற்றோர் வாயை அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. அளந்து காட்டுவதும், வரம்புக்குள் இருந்தாலும் இன்னும் குறைக்க முயல்வதுமே எங்கள் தொழில்.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளே அணுமின் நிலையங்களோடு சேர்ந்து, பொதுவான பாடத்திட்டத்தில் ஈராண்டுப் படிப்பு நடத்துகின்றன. இங்கே கூடங்குளம் போன்ற நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகம் ஆளைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தருகிறது. டெக்னீஷியன் பயிற்சிக்கு அறிவியல் பாடத்தோடு 12ஆம் வகுப்பு, அல்லது 10ஆம் வகுப்போடு ஈராண்டு ஐ.டி.ஐ. கேட்பது வழக்கம். வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவு படித்தவர்களிடம், படிப்புக்குப் பின் ஓராண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். இதைத் தெரியாமல் விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் பலர். முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். பிறகு கைத்திறன் சோதனையும் உண்டு.

அந்தச் சோதனையில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பட்டறையைப் பூட்டி வைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டை மட்டும் எழுத வைக்கும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் பட்டறைக்குள் போய், இந்த வாரம் மாணவர்கள் அரம் பிடித்துச் செய்த துண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு குறை மொழி. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசும் பிள்ளை, ஆங்கிலத்தில் இருக்கும் செயல்முறைத் தாளை வரி வரியாகப் படிக்கத் தயங்குகிறான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி, சரி என்று பதில் வந்த பிறகே வால்வில் கை வைக்க வேண்டும். புரியாவிட்டால் வேலையை நிறுத்திக் கேட்கலாம், கேட்க வேண்டும். இதைப் பட்டறையிலேயே தினமும் பழக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

கடைசியாக, தமிழக-கேரள எல்லையின் இரு பக்கமும் சுற்றும் தரகர்கள். நிரந்தர வேலைக்கான விண்ணப்பம் அணுமின் கழகத்தின் இணையதளம் வழியாகத்தான். வேலை வாங்கித் தருவதாக யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களையும் அவர்கள் கையில் ஒப்படைக்காதீர்கள்.