சட்டைப் பையிலிருந்து எழும் அழைப்பு

திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் மூதூர் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவரின் சட்டைப் பையில் கைபேசி சும்மா கிடப்பதாகவே தோன்றும். ஆனால் வைஃபை திறந்திருந்தால், அருகில் இணைப்புத் தருவோர் உண்டா என்று கேட்கும் குறுஞ்சமிக்ஞைகளை அது இடைவிட்டு அனுப்பியபடியே இருக்கும். ஒவ்வொரு சமிக்ஞையிலும் கைபேசியின் அடையாள எண்ணான, 48 பிட் நீளமான 'மேக்' முகவரி ஒன்று இருப்பதால், அதைப் பிடிக்கும் எந்தக் கருவியும் இணைப்பே கொடுக்காமல் அந்தக் கைபேசியைக் குறித்துக்கொள்ள முடியும்.

2013இல் லண்டன் நகரின் மையப் பகுதியில், விளம்பரத் திரை பொருத்திய குப்பைத் தொட்டிகள் சில, கடந்துபோவோரின் கைபேசிகளை இவ்வாறே கணக்கெடுத்தன. செய்தி வெளிவந்ததும் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. நியூயோர்க்கில் 2016 முதல் பழைய தொலைபேசிக் கூண்டுகள் இருந்த இடங்களில் 'லிங்க்என்வைசி' கம்பங்கள் நடப்பட்டன. இலவச வைஃபையும் விளம்பரத் திரையும் கமராவும் ஒரே உடலில் அமைந்த அவை திரட்டும் தரவு எவ்வளவு காலம் வைக்கப்படும், பொலிஸார் கேட்டால் கொடுக்கப்படுமா என்று அங்குள்ள குடிமக்கள் உரிமை அமைப்பு அந்த ஆண்டே கேள்வி எழுப்பியது.

முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி 2014இல் ஐஃபோனுக்கு வந்தது. அன்ட்ரொய்டிலும் பின்னர் பரவியது. இது நல்ல தற்காப்புத்தான், ஆயினும் ஓர் ஓட்டை உண்டு. இணையும்போது பெரும்பாலான கைபேசிகள் ஒரு வைஃபைப் பெயருக்கு ஒரு போலி முகவரியையே தொடர்ந்து பயன்படுத்துகின்றன. ஒரே நிறுவனம் ஒரே பெயரில் பேருந்து நிலையத்திலும் டச்சு பே கடற்கரையிலும் உப்புவெளியிலும் கம்பங்கள் நட்டால், காலையில் நகரிலும் மாலையில் கடற்கரையிலும் நின்றது ஒரே கைபேசிதான் என்பது அதற்குத் தெரிந்துவிடும். முதல் இணைப்பின்போது தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டால், போலி முகவரிக்குப் பின்னால் இருப்பவரின் அடையாளமும் கிடைத்துவிடும்.

இணையத்தளங்களின் பூட்டுக் குறி, உள்ளே தட்டெழுதுவதை மறைக்கும். சென்ற தளத்தின் பெயரை அநேகமாக மறைக்காது. வங்கிக்கா, மருத்துவமனைக்கா என்பது இணைப்புத் தருபவருக்குப் புலப்படும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. எனவே இத்தகைய கம்பமொன்றை இங்கே நட முன்வருபவரிடம், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், முகவரிப் பட்டியல் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, வெளியே செல்லும்போது வைஃபையை அணைத்து வைப்பதும், ஒருமுறை பயன்படுத்திய பொது இணைப்பின் பெயரைக் கைபேசியிலிருந்து நீக்கிவிடுவதும் நம் கையில் உள்ளவை.